அரும்பில் நிற்கும் பிள்ளை

போன வாரம் பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார். "டீச்சர், எம் புள்ள மூணாவது வந்தும் இன்னும் அரும்புலயே இருக்கானாமே, எப்போ மலருக்கு வருவான்?" என்று கேட்டார். சட்டென்று பதில் வரவில்லை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் 2022-ல் வந்தபோது மனசார வரவேற்றவள் நான். ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து அவரவர் நிலைக்கேற்ப பயிற்சி கொடுப்பது நல்ல ஏற்பாடு. அதற்கு முன்னால் செயல்வழிக் கற்றல் இருந்தது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி முறையைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. பாடத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்த ஏணிப்படி, படிகளுக்கான அட்டைகள், உட்கார்ந்தபடியே எழுதச் சுவரின் அடியில் கரும்பலகை. நாலு நாள் வராத பிள்ளையும் விட்ட படியிலிருந்தே ஏறலாம். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைத்தான் இவை சொல்லும். ஏன் நிற்கிறது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

அந்த அம்மாவின் பையன் 'தேன்' எழுதுவதைப் பாருங்கள். முதலில் 'த' போடுவான். அதற்குப் பின்னால் கொம்பு. அப்புறம் 'ன்'. இரண்டு மாதம் இதைக் கவனக்குறைவு என்றே நினைத்துச் சிவப்பு மையில் சுழித்தேன், சத்தமும் போட்டேன். ஊராட்சி ஒன்றியத்திலிருந்து வந்த, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான பயிற்றுநர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காதுல விழுற வரிசையில எழுதுறான் டீச்சர்." உண்மைதானே! 'தே' என்னும்போது த் முதலில், ஏ பிறகு. எழுத்தில் மட்டும் கொம்பு முன்னால் போய் நிற்கிறது. மற்ற பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிறார்கள். இவனுக்குத் தனியாகக் காட்ட வேண்டியிருக்கிறது.

சிவப்பு அட்டையில் கொம்புகளும் வெள்ளை அட்டையில் எழுத்துகளும் வெட்டினேன். 'த' வைப்பான், கொம்பை எடுத்து முன்னால் வைப்பான், 'தே' என்பான். ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள்தான். மூன்று வாரத்தில் தேன், மேளம், பேனா எல்லாம் அழிக்காமல் எழுதினான்.

இதற்குத் தேவைப்பட்டது தினமும் கால் மணி நேரம். அதைத்தான் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வகுப்பை ஒருவரே பார்த்துக்கொண்டு, செயலியில் பதிவேற்றமும் செய்துகொண்டு, எங்கே உட்காருவது? அந்தப் பயிற்றுநருக்கோ பார்க்க வேண்டிய பள்ளிகள் ஏராளம். சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று தொடக்கப்பள்ளிகளுக்கு ஒன்றிய அரசே 2022-ல் அறிவித்திருக்கிறது. அப்படி ஒருவர் வாரத்தில் ஒரு முழு நாளாவது எங்கள் பள்ளியில் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரமும், சொல்வதை எழுத ஓர் ஆளும் தருகிறார்கள். வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றாவது, இரண்டாவதில் தினம் கால் மணி நேரம் கிடைக்காமல் எத்தனை பிள்ளைகள் "நான் மக்கு" என்று நம்பியே பத்தாவது வரை வருகிறார்கள்!

அந்த அம்மாவிடம் அட்டைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்த வாரம் கொசு, கோழி. கொம்பு முன்னால், கால் பின்னால், அதனால் கொஞ்சம் திணறுவான். அவசரப்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.