பதினெட்டு முடிஞ்சா அம்மா வேலையும் முடிஞ்சிடுதா?

ரெண்டு நாளா அந்த போஸ்ட்டைத்தான் எல்லாரும் ஷேர் பண்ணிட்டு இருக்கீங்க. எதுன்னு சொல்ல வேண்டியதில்ல. வயசு வந்த மகனுக்கு கார்டியன்ஷிப், அதாவது சட்டப்படி அவனுக்குப் பொறுப்பாளரா இருக்க அனுமதி கேட்டு கோர்ட்டுக்குப் போன ஒரு அம்மாவை, பெத்த புள்ளைக்கே பைத்தியக்காரப் பட்டம் கட்டி சொத்தை சுருட்டப் பாக்குறான்னு ஒருத்தர் எழுதுவாராம், கீழ வரிசையா கைதட்டுவாங்களாம். பேசாம போயிடலாம்னுதான் பாத்தேன், முடியல. என் பையனுக்கும் ஸ்கிட்ஸோஃப்ரீனியா, மனச்சிதைவு நோய். நானும் மனு போட்டிருக்கேன்.

ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல வர்றேன். அந்தம்மா அதிகாரம் கேக்கல. ஏற்கனவே தலைமேல கிடக்குற பொறுப்புக்கு ஒரு பேப்பர் கேக்குறாங்க. ராத்திரி போலீஸ் யாருக்கு போன் பண்ணும்? எனக்கு. ஆஸ்பத்திரி பில்லு யார் தலையில? என் தலையில. என்ன மருந்து மாத்தினீங்க டாக்டர்னு கேட்டா மட்டும் "அவர் மேஜர்ங்க, அவர் சம்மதம் இல்லாம சொல்ல முடியாது". சம்மதம் எங்க குடுப்பான்? அவன் கணக்குப்படி அந்த டாக்டரை செட் பண்ணி வச்சதே நான்தான்.

ஒருநாள் தலையணை உறையை துவைக்க கழட்டினேன், பொலபொலன்னு மாத்திரை கொட்டுது. பாதி கரைஞ்சு பஞ்சோட ஒட்டிக்கிட்டு. தினம் என் கண் முன்னாடி தண்ணி குடிச்சுட்டு வாயைத் திறந்து காட்டினவன். அந்த சமயத்துலதான் எவனோ நீட்டின லோன் பேப்பர்ல கையெழுத்தும் போட்டிருக்கான். பேங்க்ல போய் அழுதா, அங்கயும் அதே "அவர் மேஜர் மேடம்".

"பக்குவமா பேசி புரிய வைங்களேன்"னு ஒரு அறிவாளி. ஐயா, தனக்கு நோய் இருக்குன்னே தெரியாம போறதும் இந்த நோயோட ஒரு பகுதி. அனோசக்னோசியான்னு டாக்டர்கள் சொல்வாங்க, தேடிப் பாருங்க. அது அடம் இல்ல. பேசிப் பேசி சரியாகுறதா இருந்தா என் வீட்ல எப்பவோ சரியாகியிருக்கும்.

அப்புறம் பிரிட்னி ஸ்பியர்ஸ், அப்பாவோட கார்டியன்ஷிப்புல கோர்ட்டு வச்சிருந்த அந்த அமெரிக்கப் பாடகி. எங்க போனாலும் இந்த ஒரு பேரை தூக்கிட்டு வந்துடுறாங்க. அந்த ஏற்பாடு 2008ல ஆரம்பிச்சது, 2021லதான் கோர்ட்டு முடிச்சு வச்சது, தனக்கு வேணும்ங்கிற வக்கீலை வச்சுக்கவே அந்தக் கடைசி வருஷம்தான் விட்டாங்க. அநியாயம்தான், யார் இல்லன்னா? ஆனா மேடை ஏறி கோடி கோடியா சம்பாதிச்சவங்க அவங்க, அதை நிர்வாகம் பண்ணதுக்கு அப்பா சம்பளமும் வாங்கினார். என் பையன் குளிச்சு எத்தனை நாளாச்சுன்னு யாராவது கேட்டீங்களா? எந்த சொத்தை நான் சுருட்ட?

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006, 12ஆவது பிரிவுன்னு ஒரு தம்பி நீளமா எழுதியிருந்தார். மாற்றுத்திறனாளிக்கு சட்டத்துல சம அந்தஸ்து, அவருக்காக நீங்க முடிவெடுக்காதீங்க, அவர் முடிவெடுக்க துணை நில்லுங்கன்னு. நல்ல விஷயம் தம்பி, நிஜமாவே. ஜெர்மனியில 1992லயே பெரியவங்களுக்கான பழைய கார்டியன் முறையை எடுத்துட்டு, எந்த விஷயத்துக்குத் தேவையோ அதுக்கு மட்டும்னு மாத்தினாங்க. நானும் அவ்வளவுதானே கேக்குறேன், மருத்துவமும் பணமும் மட்டும். ஆனா துணை நிக்கப்போற அந்த ஆள் யாருன்னு கடைசி வரைக்கும் நீங்க சொல்லவே இல்லையே.

ஆர்டர் கைக்கு வந்துட்டா நான் மகாராணியும் ஆகிடப் போறதில்ல. டாக்டர் ரிப்போர்ட் வேணும், அவன் தரப்பையும் கேப்பாங்க, அவன் எதிர்த்து வாதாடலாம், காசுக்கு நான் கோர்ட்டுக்கு கணக்கு காட்டணும். பல நாட்டுல கார்டியனா இருந்தாலும் கட்டாயமா அட்மிட் பண்ண தனி சட்டம், தனி ப்ரொசீஜர். இவ்வளவும் தெரிஞ்சுதான் போறோம், ஏன்னா நான் செத்துட்டா அப்புறம் யாருங்கிறதை ஒரு ஜட்ஜ் முன்னாடியாவது எழுதி வைக்கணும். என் கவலை எல்லாம் இப்ப அதுதான், நோய் கூட இல்ல.

அந்தம்மாவை எனக்குத் தெரியாது. ஒருவேளை சொத்துக்காகவே கூட போயிருக்கலாம், அதை கோர்ட்டு பாத்துக்கும். நீங்க ஏன் அதுக்குள்ள தீர்ப்பு எழுதுறீங்க?

அந்த போஸ்ட்டுக்கு ஹார்ட் போட்டவங்க லிஸ்ட்டை ஒண்ணு விடாம பாத்தேன். என் நாத்தனாரும் இருக்காங்க. ஒரு வாரம் அவனை வச்சுக்க முடியுமான்னு கேட்டப்ப "வீட்ல வயசுப் பொண்ணு இருக்கு அண்ணி"ன்னவங்க. பயம் இருக்கத்தான் செய்யும், அதுக்கு நான் கோவிச்சுக்கவே இல்ல. ஹார்ட் போடுறப்ப மட்டும் அந்த பயம் எங்க போச்சு? இங்க கமெண்ட்ல வந்து சமாதானம் சொல்ல வேணாம். அடுத்த மாசம் ஹியரிங் வருது, வந்து பக்கத்துல உக்காருங்க.