எம்பிபிஎஸ்ஸில் ஊட்டச்சத்துப் பாடமே இல்லையா?

"எம்பிபிஎஸ் படிப்புல சாப்பாட்டைப் பத்தி ஒரு வரிகூடக் கிடையாது"ன்னு எழுதியிருக்கீங்க அண்ணா. அது தப்பு. 2019இல் வந்த பாடத்திட்டத்தில் உயிர்வேதியியல், சமூக மருத்துவம், குழந்தை மருத்துவம் மூன்றிலுமே ஊட்டச்சத்து இருக்கு. கடுமையா மெலிஞ்ச குழந்தைக்கு முதலில் சக்தி குறைஞ்ச எஃப்-75 சிகிச்சைப் பால், தேறினதும் சக்தி கூடின எஃப்-100 என்பதெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறதுதான்.

குறை இருக்கிறது வார்டுல. ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் முடிஞ்சு நாலு நாளா வாய்வழியா எதுவும் போகலை. "குளுக்கோஸ் ஏறுதே"ன்னு நாமும் விட்டுடுறோம். அந்தக் குளுக்கோஸ் பாட்டில், அதாவது 5% டெக்ஸ்ட்ரோஸ், ஒரு லிட்டரில் இருக்கிறது 50 கிராம் சர்க்கரை. 200 கலோரிக்கு மேல் வராது, புரதம் துளியும் கிடையாது. அதேபோல, பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரேயடியா முழு அளவு உணவு கொடுத்தா ரத்தத்துல பாஸ்பேட், பொட்டாசியம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம். தயாமின் (வைட்டமின் பி1) முதலில் கொடுக்கணும், உணவைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும்.

இதெல்லாம் எனக்குப் புரிஞ்சது ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ. டயட்டீஷியன் அக்கா ஒருத்தர் கேஸ் ஷீட்டைப் புரட்டிட்டு, "இவரோட எடை எங்க தம்பி எழுதியிருக்கு?"ன்னு கேட்டாங்க. எங்கேயும் எழுதலை.