கருப்பாயியால் பறக்க முடியாது

காக்கையைக் கூண்டில் வளர்க்காதே, பறக்க விடு என்கிறவர்களுக்கு மூன்றாவது முறையாக எழுதுகிறேன்: நான் வளர்க்கும் காக்கை கருப்பாயியால் பறக்க முடியாது. சனிக்கிழமை மொட்டைமாடியில் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். நான் கடைக்குப் போன பத்து நிமிஷத்தில் கூண்டைத் திறந்து விட்டவர், தான் செய்தது புண்ணியம் என்றுதான் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறேழு காக்கைகள் சேர்ந்து கொத்தியதில் அதன் தலையில் பாதி இறகு இல்லை. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டும் குரல் கொடுக்கவில்லை.

போன வருஷம் மே மாதக் காற்றில் வேப்பமரத்திலிருந்து விழுந்த குஞ்சு. வாய்க்குள் செக்கச்செவேலென்று இருந்தது. வலது இறக்கை ஒடிந்திருந்தது. எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது, இனிமேல் பறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம், விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அரைமணிக்கொரு தரம் ஊறவைத்த நாய் பிஸ்கட்டும் அவித்த முட்டையும் ஊட்டினேன். பாலூற்றச் சொன்னவர்களிடம் பறவைக்குப் பால் செரிக்காது என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மனுஷ முகம் பார்த்து வளர்ந்தது அது. காக்கைக் கூட்டத்தில் எப்படிப் பிழைப்பதென்று அதற்குத் தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், பறக்கவும் முடியாது.

"சட்டம் தெரியுமா?" என்கிறீர்கள். தெரியும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடும் வௌவாலோடும் காக்கையைத் தீங்குயிர் என்று ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தத்தில் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். காட்டுப் பறவையை வளர்க்கக் கூடாது என்பது நியாயம்தான். தரையில் தத்தித் திரியும் குஞ்சைத் தூக்கி வராதீர்கள், தாய் பக்கத்திலேயே இருந்து இரை கொடுக்கும் என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன். ஆனால் ஒடிந்த இறக்கையோடு இதை எங்கே கொண்டுபோய் விடுவது? சட்டம் பேசிய ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

"வீட்டுக்குள்ள காக்கா ஆகாது, சனி." இதற்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அமாவாசைக்கு அதே மாடியில் இலை போட்டு, கா கா என்று கெஞ்சிக் கூப்பிடுகிறோமே, யாரை? அப்பா திதியன்று காக்கை வர முக்கால் மணிநேரம் ஆனது. அம்மா அழுதுவிட்டாள். காக்கை தலையில் தட்டினால் உடனே குளிக்கிறவள் அவள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டபோது, முட்டையைப் பிசைந்து "இந்தா சாமி" என்று கருப்பாயிக்கு ஊட்டியதும் அவள்தான். அவளிடம் போய் "அபசகுனத்த வளக்கிறீங்களே" என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்டிருக்கலாம். அம்மா இரண்டு நாளாக மாடிக்கே வருவதில்லை.

கூண்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டேன். இன்று காலை கருப்பாயி பாதி முட்டை தின்றது. மிச்சத்தைக் கொண்டுபோய் என் செருப்புக்குள் ஒளித்து வைத்தது. சனிக்கிழமைக்குப் பிறகு இன்றுதான் வைத்திருக்கிறது.