இரண்டாயிரம் ரூபாய் பல்பு

படுக்கையறைக்கு 2,000 ரூபாய் கொடுத்து செல்போன் ஆப்பிலிருந்து வைஃபை வழியாக இயக்கும் ஒரு ஸ்மார்ட் பல்பு வாங்கினேன். சாதாரண 9 வாட் எல்இடி பல்பு நூறு, நூற்றைம்பதுக்கே கிடைக்கிறது. நேற்று நள்ளிரவு 2 மணிக்குக் கரண்ட் போய் வந்ததும், அணைத்து வைத்திருந்த அந்தப் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய ஆரம்பித்துவிட்டது. தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுகிறது. செல்போனில் அணைக்கலாம் என்றால், வைஃபை ரூட்டர் உயிர்பெறவே இரண்டு நிமிடம் ஆகிறது. அப்புறம் எழுந்துபோய்ச் சுவர் சுவிட்சைத்தான் தட்டினேன். சுவிட்சை அணைத்தால் ஆப்பில் பல்பு செத்துக் கிடக்கும். அம்மா பழக்கத்தில் தினமும் அணைத்துவிடுகிறார், அவரை என்ன சொல்ல முடியும்?

கரண்ட் வந்தாலும் பழைய நிலையிலேயே இருக்கும்படி மாற்றும் வசதி ஆப்பில் ஏதோ மூலையில் இருந்தது. இவ்வளவு காசு வாங்குகிறவர்கள் அதை அப்படியே வைத்துத் தந்தால் என்ன? ஹாலுக்கு இன்னும் மூன்று வாங்க நினைத்திருந்தேன். வாங்கப் போவதில்லை.