வென்ச்சர்ஸ் ரெக்கார்டுகளை மறுபடி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை

போன சனிக்கிழமை ஒரு பார்சல் வந்தது. சதுரமான மெல்லிய அட்டைப்பெட்டி, ஒரு மூலை நசுங்கியிருந்தது. டேப்பைக் கிழித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து குரல்: "இதுலயாவது யாராச்சும் பாடுவாங்களா?" பாடமாட்டார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவளும் ஒவ்வொரு பார்சலுக்கும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

வந்தது 'தி வென்ச்சர்ஸ் இன் ஸ்பேஸ்'. 1964ல் வெளியான ஆல்பம், இப்போது புதிதாக அச்சடித்த எல்பி இசைத்தட்டு. இதே ஆல்பம் என்னிடம் சிடியாக இருக்கிறது, போனிலும் கேட்கலாம். அப்புறம் எதற்கு இன்னொன்று? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், நடுநடுவே கோபமும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வென்ச்சர்ஸ் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பெரும்பாலும் பாடகர் இல்லாமல் வாத்தியம் மட்டும் வாசிக்கிற கிதார்க் குழு, அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்து டகோமா ஊர்க்காரர்கள். டான் வில்சன், பாப் போகிள் என்று இரண்டு பேர், இரண்டு பேருக்கும் கட்டட வேலை. 1958ல் அடகுக் கடையில் மலிவு விலைக்குக் கிதார் வாங்கித் தாங்களாகவே கற்றுக்கொண்டவர்கள். ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கிதார்க்காரர் 1954ல் போட்ட 'வாக், டோன்ட் ரன்' என்ற மெட்டை, செட் அட்கின்ஸ் வாசித்த வடிவத்தில் கேட்டு, தங்களுக்குக் கைவந்த அளவுக்கு எளிமையாக்கிப் பதிவு செய்தார்கள். கம்பெனிகள் சீண்டவில்லை என்றதும் வில்சனின் அம்மா ஜோசி 'ப்ளூ ஹொரைசன்' என்று ஒரு லேபிளையே ஆரம்பித்துவிட்டார். சியாட்டிலில் ஒரு ரேடியோ நிலையம் செய்தி அறிக்கையோடு சேர்த்து அதை ஒலிபரப்ப, ஜனங்கள் போன் போட்டு என்ன பாட்டு என்று கேட்க, 1960ல் அது பில்போர்டு என்கிற அமெரிக்க ஹிட் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. முதல் இடத்தில் எல்விஸ் உட்கார்ந்திருந்தார், அவரை யார் நகர்த்துவது. அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்த ஸ்கிப் மூர், ராயல்டியில் 25 சதவீதம் வேண்டாம், கையில் 25 டாலர் கொடுத்தால் போதும் என்று வாங்கிக்கொண்டு போனவர். இதை எப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் முதன்முதலில் வாங்கிய வென்ச்சர்ஸ் சிடி ஒரு ஹிட்ஸ் தொகுப்பு. அட்டையில் அறுபதுகளின் படம், சூட் போட்ட நாலு பேர், கையில் மாஸ்ரைட் கம்பெனி கிதார்கள், 'ஒரிஜினல்' என்று பெரிதாக ஒரு வார்த்தை. பிளேயரில் போட்டேன். டிரம்ஸ் ஏதோ காலி ஹாலில் அடித்த மாதிரி 'டமால் டமால்' என்கிறது, கிதார் வழவழவென்று இருக்கிறது. ஏமாந்துவிட்டோம் என்று புரியவே எனக்கு ஒரு வருஷம் ஆனது, ஏனென்றால் அசலைக் கேட்டதே இல்லையே! பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் போட்டிருந்தார்கள்: அசல் கலைஞர்களே பிற்காலத்தில் மீண்டும் வாசித்தது. ஒரிஜினல் ஆட்கள்தான், ஒரிஜினல் பதிவு இல்லை. இந்த வார்த்தை விளையாட்டுக்கு நான் கொடுத்த காசு திரும்பி வரவா போகிறது.

குழுவைக் குறை சொல்ல மாட்டேன். பழைய மாஸ்டர் டேப்கள் அவர்கள் கையில் இல்லை. அவை டால்டன், லிபர்ட்டி என்று ஆரம்பித்து யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், இ.எம்.ஐ., கடைசியில் யுனிவர்சல் என்று ஒரு வீட்டுப் பத்திரம் மாதிரி கைமாறிப் போனவை. பெரிய கம்பெனிக்கு இந்த ஐம்பது, அறுபது ஆல்பங்களைத் தூசி தட்ட நேரம் கிடையாது, அதனால் சின்ன லேபிள்கள் உரிமம் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுகின்றன. வாசித்தவர்களும் பிழைக்க வேண்டும், மறுபடி வாசித்தார்கள், தப்பில்லை. அதை எந்த வருஷத்துப் பதிவு என்று அட்டையில் ஒழுங்காகப் போடாதவர்கள் மேல்தான் என் கோபம்.

இன்னொரு கோபம் 'சர்ஃப்' (அலைச்சறுக்கு) இசை என்று ஒட்டுகிற அந்த ஸ்டிக்கர். கடல் அலை, மஞ்சள் சூரியன், பலகை பிடித்த பையன், இது இல்லாமல் வென்ச்சர்ஸ் ரெக்கார்டு விற்காது என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். டகோமாவில் ஏது அலைச்சறுக்கு? குளிரும் மழையுமாகக் கிடக்கிற துறைமுக ஊர் அது. சர்ஃப் இசை என்று முதலில் பேர் வாங்கியது தெற்குக் கலிபோர்னியாவில், 1961 வாக்கில் பல்போவா நடன மண்டபத்தில் டிக் டேல் வாசித்த சத்தமான கிதார். வென்ச்சர்ஸ் அதற்கு ஒரு வருஷம் முன்பே ஹிட் கொடுத்துவிட்டார்கள், அந்த முதல் 'வாக், டோன்ட் ரன்'னில் பிற்காலச் சர்ஃப் கிதாரில் கேட்கிற அந்த எதிரொலி ஈரம் (ரிவர்ப்) கிடையாது, காய்ந்த விறகு மாதிரி கணகணவென்று இருக்கும்.

அப்புறம் எப்படிச் சர்ஃப் ஆனார்கள்? இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கதை. 1962ல் அவர்கள் 'மாஷ்டு பொட்டேட்டோஸ் அண்ட் கிரேவி' என்று ஒரு டான்ஸ் ஆல்பம் போட்டார்கள், 'மாஷ்டு பொட்டேட்டோ' அந்தச் சமயத்தில் பிரபலமாக இருந்த ஒரு நடனத்தின் பேர். நடன மோகம் போய் கடற்கரை மோகம் வந்ததும் அதே ஆல்பம் 'பீச் பார்ட்டி' என்று பேர் மாற்றிக்கொண்டு கடைக்கு வந்தது. உள்ளே அதே வாசிப்பு. உருளைக்கிழங்கு மசியல் ஒரே ராத்திரியில் கடற்கரை விருந்தாகிவிட்டது! 'ட்விஸ்ட் வித் தி வென்ச்சர்ஸ்' ஆல்பமும் இப்படித்தான் 'டான்ஸ்!' ஆனது. ஆக மறுவெளியீட்டுத் தில்லுமுல்லு ஒன்றும் இன்றைய கண்டுபிடிப்பு இல்லை, இந்தக் குழுவுக்கு அது கூடவே பிறந்தது. 1963ல் நிஜமாகவே 'சர்ஃபிங்' என்று ஒரு ஆல்பம் போட்டார்கள், 1964ல் 'வாக், டோன்ட் ரன்'னையே சர்ஃப் பாணியில், ரிவர்பும் ஓட்டமுமாக மறுபடி வாசித்தார்கள், அதுவும் 8ஆம் இடம் வரை போனது. எனக்கு அந்த '64 வடிவமும் பிடிக்கும். இரண்டும் இரண்டு பாட்டு என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை தொகுப்புகளில் ஒன்றைப் போட்டுவிட்டு மற்றதன் வருஷத்தை எழுதியிருக்கிறார்கள் தெரியுமா?

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ஆல்பத்தின் அட்டையே பொய்தான். 1960ல் அட்டைப்படம் எடுக்கும் சமயம் குழு ஊர் ஊராக வாசிக்கப் போயிருந்தது. சரக்கறையில் வேலை பார்த்த பையன்களைப் பிடித்து, கையில் கிதாரைக் கொடுத்துப் படம் எடுத்துவிட்டார்கள். அட்டையில் இருக்கிறவர்கள் வென்ச்சர்ஸே இல்லை! இப்போது யாராவது நல்லெண்ணத்தில் இதைத் திருத்தி நிஜ ஆட்களின் படத்தைப் போட்டால் நான் வாங்கமாட்டேன். எனக்கு அந்தச் சரக்கறைப் பையன்கள்தான் வேண்டும். முரண்பாடாகத் தெரியலாம். 1960ல் சொன்ன பொய் இன்று சரித்திரம், 1990ல் அதன் மேல் ஒட்டிய பொய் வெறும் பொய், என் நியாயம் அவ்வளவுதான்.

இப்போது 'இன் ஸ்பேஸ்'. ஏன் இதைத் தனியாக எடுத்துக்கொண்டேன் என்றால், வென்ச்சர்ஸ் ஆல்பங்களை ஆல்பமாகக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. அறுபதுகளின் தொடக்கத்தில் பெரும்பாலான குழுக்களுக்கு எல்பி என்பது ஒரு ஹிட்டும் பதினோரு ஒப்புக்குச் சப்பாணியும். இவர்களோ ஆல்பத்துக்கு ஒரு விஷயம் என்று வைத்துக்கொண்டார்கள். 1961ல் 'தி கலர்ஃபுல் வென்ச்சர்ஸ்', எல்லாப் பாட்டின் பேரிலும் நிறம். 1963ல் ஒன்று முழுக்கக் கன்ட்ரி இசை. 1964ல் விண்வெளி. காற்று கிழிகிற சத்தம், ஊளை, கிறீச்சிடல், எதுவும் இயந்திரம் வைத்துச் செய்தது இல்லை, எல்லாம் வாத்தியங்களிலேயே பண்ணியது. அதில் பெடல் ஸ்டீல் கிதார் வாசித்த ரெட் ரோட்ஸ் கைவேலைக்காரர். 1962ல் '2000 பவுண்ட் பீ' (பீ என்றால் தேனீ) என்ற மெட்டுக்காக, கிதார் ஒலியைக் கரகரப்பாக்குகிற ஃபஸ் பெட்டி செய்து கொடுத்தவரும் அவர்தான். கிதார் தேனீ மாதிரி ரீங்காரமிடுவதெல்லாம் பின்னாளில் சகஜமாகிவிட்டது, 1962ல் அது ரொம்பப் புதுச் சத்தம்.

முதல் பக்கம் 'அவுட் ஆஃப் லிமிட்ஸ்' என்று ஆரம்பிக்கும். டிவி தொடர் ஒன்றின் அந்தப் பிரபலமான நாலு சுரத்தை உரசிக்கொண்டு போகிற மெட்டு. இரண்டாம் பக்கம் கடைசிப் பாட்டு என்ன? அந்த டிவி தொடரின் மெட்டேதான், 'தி ட்விலைட் ஸோன்'. சாயலில் தொடங்கி அசலில் முடிக்கிறார்கள். நடுவில் ஆறாவது பாட்டு முடிந்ததும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போடுகிறோமே, அந்த அரை நிமிஷ அமைதியும் கணக்கில் சேர்த்திதான்.

என்னிடம் இருந்த சிடியில் இரண்டு ஆல்பம் ஒன்றாக இருக்கிறது. தொண்ணூறுகளில் அது ஒரு பழக்கம், ஒரு சிடிக்குள் இரண்டு எல்பி. சிக்கனம்தான், மறுக்கவில்லை, அந்தக் காலத்தில் அதுவும் இல்லாவிட்டால் இந்த ஆல்பங்களை நான் கேட்டே இருக்கமாட்டேன். ஆனால் 'ட்விலைட் ஸோன்' கடைசிச் சுரம் இருட்டில் கரைகிறது, இரண்டே வினாடி, அடுத்த ஆல்பம் உற்சாகமாக ஆரம்பித்துவிடுகிறது. துக்க வீட்டில் யாரோ பட்டாசு கொளுத்திய மாதிரி. இருபது வருஷம் இதை இப்படியே கேட்டிருக்கிறேன். கடைசிப் பாட்டுக்குக் கை தானாக ரிமோட்டைத் தேடும்.

அசல் ஆல்பத்தில் இல்லாததைக் கடைசியில் சேர்க்கிற 'போனஸ் பாட்டு' விரும்பிகள் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கிடைக்காத பதிவுகளை வெளியிட வேண்டாம் என்று சொல்லவில்லை. தனித் தட்டில் போடுங்கள். ஏஸ் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிள் 'இன் தி வால்ட்ஸ்' என்று அலமாரிச் சரக்கையெல்லாம் தனித் தொகுப்புகளாகவே போட்டது, அது மரியாதையான வழி.

ஸ்டீரியோ, மோனோ தகராறும் உண்டு. அந்தக் கால ஸ்டீரியோவில் லீட் கிதார் ஒரு ஓரம், ரிதம் ஒரு ஓரம் என்று பிரித்து வைத்துவிடுவார்கள், ஹெட்போனில் கேட்டால் இரண்டு பேர் தெருவுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் நின்று பேசிக்கொள்வது போல இருக்கும். அந்தக் காலத்துச் சின்ன ரெக்கார்டு பிளேயர்களுக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த மோனோதான், அதில் நோக்கி எட்வர்ட்ஸின் லீடும் வில்சனின் ரிதமும் மெல் டெய்லரின் டிரம்ஸும் ஒரே முட்டாக வந்து நெஞ்சில் அடிக்கும். என் ஓட்டு மோனோவுக்கு. கிதார் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் மட்டும் ஸ்டீரியோவை வாங்குங்கள், பாலன்ஸ் குமிழை ஒரு பக்கம் திருப்பினால் வாத்தியார் ஒருத்தர் தனியாகக் கிடைப்பார். இவர்கள் அதையே தொழிலாகவும் செய்தார்கள். 1965ல் 'ப்ளே கிதார் வித் தி வென்ச்சர்ஸ்' என்று கூட வாசித்துப் பழகுகிற எல்பி, அது பில்போர்டு ஆல்பப் பட்டியலிலேயே ஏறியது. பாடம் சொல்லித் தருகிற ரெக்கார்டு பட்டியலில் ஏறுவதெல்லாம் நடக்கிற காரியமா? அதைக் கூடவே வந்த கையேடு இல்லாமல் வெறும் ஒலியாகக் கேட்டால் பாதிதான்.

மறுபதிப்பு விஷயத்தில் ஜப்பான்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். 1965 ஜனவரியில் வென்ச்சர்ஸ் அங்கே போய் வாசித்ததும் ஊரே எலெக்ட்ரிக் கிதார் பைத்தியம் பிடித்து அலைந்தது, பள்ளிக்கூடங்கள் தடை போடுகிற அளவுக்கு. 'பைப்லைன்' பாட்டில் கம்பியில் மேலிருந்து கீழே சறுக்கி இறங்குகிற அந்தச் சத்தத்துக்கு அங்கே 'தெகெ தெகெ' என்றே பேர். வென்ச்சர்ஸ் போட்ட மெட்டுகளுக்கு வரிகள் எழுதிப் பாடவும் செய்தார்கள், 1970ல் யூகோ நகிசா பாடிய கியோட்டோ பாட்டு பெரிய ஹிட். (இதை வீட்டில் சொன்னேன். "பாத்தீங்களா, அங்கயும் ஆளு பாடினாத்தான் ஆகுது" என்று பதில் வந்தது. பேசாமல் இருந்திருக்கலாம்.) 2010ல் டான் வில்சனுக்கு அந்த நாடு அரசு விருதே கொடுத்தது. அமெரிக்காவில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்க 2008 வரை யோசித்தார்கள். ஜப்பானியப் பதிப்புகளில் முதுகோரம் சுற்றிவருகிற காகிதப் பட்டை, மடித்துச் செருகிய குறிப்புத்தாள், யார் எந்தப் பாட்டில் வாசித்தார் என்பது வரை இருக்கும். ஒரு எழுத்து கூட எனக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாப் போகிள் 2009ல் போனார், நோக்கி எட்வர்ட்ஸ் 2018ல், டான் வில்சன் 2022 ஜனவரியில். மெல் டெய்லர் எப்போதோ, 1996லேயே. இந்த டேப்பைப் பார்த்து "இல்லப்பா, இது அந்த டேக் இல்லை" என்று சொல்ல அந்த அறுபதுகளின் நால்வரில் ஒருவரும் மிச்சமில்லை. இனி அட்டையில் அச்சடிப்பதுதான் உண்மை என்று ஆகிவிடும். அதனால்தான் ஒரு வருஷ எண்ணுக்கு இவ்வளவு கத்துகிறேன்.

புது எல்பிக்கு வருகிறேன். பழைய அட்டை, பழைய வரிசை, கூடுதலாக ஒன்றும் ஒட்டவில்லை. தட்டு லேசாக வளைந்திருக்கிறது, ஊசி படகு மாதிரி ஏறி இறங்குகிறது, விற்றவருக்கு எழுதினேன், இன்னும் பதில் இல்லை. இருந்தாலும் சனிக்கிழமை ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு இரண்டு பக்கமும் கேட்டேன். 'ட்விலைட் ஸோன்' முடிந்தது. கை பழக்கதோஷத்தில் ரிமோட்டைத் தேடியது. அடுத்த பாட்டு வரவில்லை. ஊசி கடைசிக் கோட்டில் 'டிக்... டிக்...' என்று சுற்றிக்கொண்டே இருந்தது, எழுந்து எடுக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.