எங்கே போயிருந்தான் என்று கேட்க ஆளில்லையா?

படம் முடிந்ததும் சித்தி "அப்பாடா, ஒண்ணு சேர்ந்துட்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாரே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைப் பேசித் தீர்த்துச் சேர்ந்தார்கள்?

1937இல் வந்த 'த ஆஃபுல் ட்ரூத்'. லியோ மெக்கேரிக்குச் சிறந்த இயக்குநர் ஒஸ்கார் வாங்கிக் கொடுத்த படம். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், சரி. ஆனால் அந்த முடிவு!

புளோரிடா போய்வந்தேன் என்று ஜெரி பெண்டாட்டி லூசியிடம் கதை விடுகிறான். வெயிலில் கறுத்தவன் மாதிரித் தெரிய விளக்கடியில் படுத்து உடம்பைக் காய்ச்சிக்கொள்கிறான். அங்கேயிருந்து கொண்டுவந்ததாக ஒரு கூடை தோடம்பழம் வேறு. லூசி ஒன்றை எடுத்துப் பார்த்தால் தோலில் கலிபோர்னியா முத்திரை! அகப்பட்டவன் உண்மையைக் கக்க வேண்டாமா? பாட்டு வாத்தியாரோடு எங்கே போனாய் என்று அவளைச் சந்தேகப்படுகிறான். அப்புறம் கோர்ட், விவாகரத்து, அது உறுதியாக 90 நாள் தவணை.

தவணையின் கடைசி ராத்திரி, லூசியின் அத்தையின் ஊர்ப்புற வீடு. பக்கத்துப் பக்கத்து அறை, நடுவில் நிற்காத கதவு. காற்றடித்தால் திறக்கிறது, சாத்தினால் மறுபடி திறக்கிறது. அவளை உருகிப் பார்த்து "நான் முட்டாளா இருந்துட்டேன்" என்கிறான். எதற்கு? அவளைச் சந்தேகப்பட்டதற்கு. அப்போ புளோரிடா? அத்தனை நாளும் எங்கே கிடந்தான்? ஒரு வார்த்தை இல்லை. மணி 12 அடிக்கிறது, கடிகாரத்து ஆண் பொம்மை பெண் பொம்மையின் வாசலுக்குள் ஓடுகிறது, படம் முடிந்தது. தங்கச்சி வேஷம் போட்டு அவனுடைய புதுச் சம்பந்தத்தைக் கலைத்ததும், காரை நாசமாக்கி அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்ததும் லூசி. அலைந்ததெல்லாம் அவள்தான்.

நம் இலங்கைச் சட்டத்திலும் விவாகரத்தின் முதல் தீர்ப்புக்குப் பிறகு, அது உறுதியாகக் குறைந்தது 3 மாதம் காத்திருக்க வேண்டும். அந்த 3 மாதமும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் லயத்துக்கு லயம் பஞ்சாயத்துத்தான். மாமன், மச்சான், தலைவர் எல்லாரும் பெண்ணிடம் வந்து "பொறுத்துப் போ புள்ள" என்கிறார்கள். கொழும்புக்கு வேலைக்கென்று போனவன் சம்பளத்தை எங்கே தொலைத்தான் என்று அவனை உட்காரவைத்து ஒருத்தர் கேட்டதுண்டா? மலையேறிக் கொழுந்தெடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு, கால் கழுவாமல் வாசலில் நின்று அவள் பதில் சொல்ல வேண்டும். பஞ்சாயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டுவது யார்? இதே சித்தி!

அந்தத் தோடம்பழத்தை நினைத்தாலும் வயிறு எரிகிறது. கூடை கூடையாக வாங்கி வருகிறான்! ஹட்டன் டவுனில் ஒரு பழத்துக்கு அவர்கள் சொல்லும் விலைக்கு ஒரு வேளைக் கறி வைக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்தால் உள்ளே காய்ந்த சக்கை.