'பயந்தாங்கொள்ளி' பேசுகிறேன்

நேற்றுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏஐ வளர்ச்சியில் இவ்வளவு அவசரம் வேண்டாமே என்று ஒரு வரிதான் சொன்னேன். "பயந்தாங்கொள்ளிகள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள்" என்றார் மேடையில் இருந்தவர். அரங்கமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அதுதான் இப்போது எரிகிறது.

நிறுத்தச் சொல்லவில்லை ஐயா. சோதித்துவிட்டு வெளியே விடுங்கள் என்கிறேன். ஆபத்துகளை வெளிப்படையாகப் பேசுவதற்காகவே 2023இல் கூகுளை விட்டு வந்தார் ஏஐ முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன். அடுத்த வருஷம் இயற்பியல் நோபல். அவரும் பயந்தாங்கொள்ளிதானே? சரி.

"ஆல்ஃபாஃபோல்டைப் பாருங்கள்" என்று வருவீர்கள். பார்த்தேன், கைதட்டினேன். 20 கோடிக்கும் மேற்பட்ட புரதங்களின் வடிவத்தை அந்த ஏஐ கணித்துக் கொடுத்தது சாதாரண விஷயமா? ஆனால் அதை எப்படி நம்பினார்கள்? ஆய்வகத்தில் கண்டறிந்து இன்னும் வெளியிடாத வடிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ சொல் பார்க்கலாம்" என்று 2020இல் சோதித்தார்கள். நான் கேட்பதும் இதைத்தான்!

அப்பாவுக்கு மூட்டுவாதம். மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மருந்துச் சீட்டைப் படம் பிடித்து ஓர் ஏஐ செயலியிடம் கொடுத்தேன். "தினமும் ஒன்று, உணவுக்குப் பின்" என்றது. அழகான தமிழ், ஒற்றுப் பிழைகூட இல்லை. அதை அப்பாவுக்கு அனுப்பியது நான்தான். அவர் மாத்திரைப் பெட்டியின் ஏழு கட்டங்களிலும் போட்டு வைத்துவிட்டார். "போன வாரம் ஒண்ணுதானே போட்டீங்க?" என்று அம்மா கேட்டதால் பிழைத்தோம்.

மனிதன் தப்பு செய்வதில்லையா என்பீர்கள். செய்வான். ஆனால் போய்ச் சண்டை போட ஓர் ஆள் இருப்பான். இங்கே திரையின் அடியில் பொடி எழுத்தில் 'பிழைகள் இருக்கலாம்'. அவ்வளவுதான் பொறுப்பு.

நாம் நிதானித்தால் அடுத்தவன் முந்திவிடுவான் என்பதற்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. இன்னும் பெரிய ஏஐகளை உருவாக்காமல் ஆறு மாதம் பொறுப்போம் என்ற பகிரங்கக் கடிதத்தில் 2023 மார்ச்சில் கையெழுத்துப் போட்ட ஈலான் மஸ்க், ஜூலையிலேயே சொந்த ஏஐ நிறுவனத்தை அறிவித்தார். அவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்லவில்லை. நமக்குத்தான் பட்டம்.

ஆறு கட்டங்களிலிருந்தும் மாத்திரையை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தபோது என் கை நடுங்கியது. ஆமாம், பயம்தான். நேற்று இதைச் சொல்லத்தான் எழுந்தேன். மைக் திரும்ப என்னிடம் வரவே இல்லை.